அழைக்கத் தெரியாத நோயாளி



பூனை வளர்ப்போரைப் பார்த்திருப்பீர்கள்; புறா வளர்ப்போரையும் அறிவீர்கள். சிலந்தி வளர்ப்போரும் உலகில் உண்டு என்றால் முகம் சுளிப்பீர்களோ? அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் உள்ளங்கை அகலமுள்ள டாரண்டுலாச் சிலந்திகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பேணுவோர் பலர். அவர்கள் பெரிதும் விரும்புவது, மெக்சிகோவின் பசிபிக் கடலோரப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட செம்முழங்கால் சிலந்தியை. அதன் பன்னாட்டு வணிகம் 1985-ஆம் ஆண்டு முதல் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது.

இதில் ஆண், பருவமெய்திய பின் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் மடிந்துவிடும். பெண்ணோ 20 ஆண்டுகளைக் கடந்தும் வாழும். பத்து வயதுச் சிறுவன் ஆசையோடு வாங்கிய குஞ்சு, அவன் முப்பது வயதுக் குடும்பத் தலைவனாகும்போது முதுமையில் தள்ளாடத் தொடங்கும். அன்று வாங்கியது ஆசை; இன்று கையில் இருப்பது அமானிதம் அல்லவா?

இந்த நோயாளி முனகாது; அழைக்காது. வளர்த்தவரை அடையாளம் கண்டு வாலாட்டவும் அதற்குத் தெரியாது. பார்த்துத்தான் அறிய வேண்டும். நடை தடுமாறும். பாய்ந்து பிடித்த இரையைத் தவறவிடும். வயிற்றுப்பகுதி சுருங்கும். சட்டை உரிக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போகும்.

இங்கேதான் பலர் பெரும் பிழை செய்துவிடுகிறார்கள். சிலந்தி சட்டை உரிக்கும்போது மல்லாந்து படுத்துக்கொள்ளும். பல மணி நேரம் அசைவற்றுக் கிடப்பதும் உண்டு. இறந்துவிட்டதோ எனப் பதறி, அதைப் புரட்டிப் போடுவோர் உண்டு. அந்த நேரத்தில் அதன் உடல் பஞ்சினும் மென்மையானது. உதவ நீண்ட கையே உயிருக்கு உலை வைத்துவிடும். உண்மையில் சாகும் நிலையிலுள்ள சிலந்தி பெரும்பாலும் மல்லாந்து கிடப்பதில்லை. நின்றபடியே கால்களை அடிவயிற்றின் கீழ் சுருட்டிக்கொள்ளும். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்திருந்தால் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கும்!

கால்கள் ஏன் சுருள்கின்றன? சிலந்திக்குக் காலை மடக்கத் தசைகள் உண்டு. நீட்டுவதற்கோ, முக்கிய மூட்டுகளில் தசை இல்லை; உடலுக்குள் ஓடும் திரவத்தின் அழுத்தமே காலை நீட்டுகிறது. உடலில் நீர் குறைந்தால் அழுத்தம் குறையும். கால்கள் தாமாகவே மடங்கும். ஆகவே சுருண்ட காலைக் கண்டவுடன் உணவைத் தேடி ஓட வேண்டாம், தண்ணீரைத் தேடுங்கள். ஆழமற்ற தட்டில் நீர் வைத்து, வாய்ப்பகுதி அதில் படும்படி மெல்ல அமர்த்த வேண்டும். வயிற்றுப்பகுதி நீரில் மூழ்கலாகாது. மூச்சு வாங்கும் புத்தக நுரையீரல்களின் துளைகள் அதன் அடியில்தான் உள்ளன. ஈரம் நல்லதென்று எண்ணிப் பெட்டியையே சதசதவென நனைப்பதும் தவறு. காற்றோட்டமற்ற ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

உணவைப் பற்றியும் கவலை வேண்டாம். வளர்ந்த சிலந்தி பல மாதங்கள் உண்ணாமல் இருக்கவல்லது. தண்ணீரின்றித்தான் இருக்க இயலாது. வேட்டையாட வலுவிழந்ததற்குக் கொன்ற சுவர்க்கோழி ஒன்றை அருகில் வைக்கலாம். உண்ணாவிட்டால் மறுநாளே அகற்றிவிட வேண்டும். உயிருள்ள இரையை உள்ளே விட்டுவைத்தால், சட்டை உரித்துச் சோர்ந்து கிடக்கும் சிலந்தியை அந்த இரையே கடித்துக் குதறிவிடும். வேட்டையாடியது வேட்டைப் பொருளாகும் காலமே முதுமை!

பெட்டியின் அமைப்பையும் மாற்ற வேண்டும். தரையில் வாழும் இச்சிலந்தி சிறிது உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிறு வெடித்து இறந்துவிடக்கூடும். எனவே தென்னைநார்த் தூளைக் கனமாகப் பரப்பி, தரைக்கும் மூடிக்கும் இடையிலுள்ள உயரத்தைக் குறையுங்கள். கூரிய கற்களை எடுத்துவிடுங்கள். ஒதுங்க ஓர் இருண்ட மறைவிடம் வையுங்கள். விருந்தினருக்குக் காட்டுவதற்காகக் கையில் எடுக்கும் வழக்கத்தை அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

இத்தனையும் செய்தாலும் முதுமைக்கு மருந்து இல்லை. ஒருநாள் தண்ணீர் வைத்தும் கால்கள் நிமிரா. அப்போது செய்ய வேண்டியது குறைவு; செய்யாமல் இருக்க வேண்டியதே அதிகம். மீண்டும் மீண்டும் தொட்டுப் பார்ப்பதும் குச்சியால் சீண்டுவதும் நம் மனச் சமாதானத்திற்காகவே. அதற்கு அவை துன்பம். இருளும் அமைதியும் எட்டும் தூரத்தில் நீரும் போதும்.

நன்றி சொல்லும் உயிருக்குப் பணிவிடை செய்வது எளிது. நாம் யாரென்றே அறியாத உயிருக்காகத் தட்டில் தண்ணீர் மாற்றுவதும், கையை நீட்டாமல் காத்திருப்பதும் எளிதல்ல. கடையில் ஒரு குஞ்சைப் பார்த்துப் பிள்ளைகள் அடம்பிடிக்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். அதன் ஆயுளையும் கேளுங்கள். அந்தக் கடைசி ஆண்டில் தண்ணீர் வைக்கப்போவது யார் என்பதையும் வீட்டில் பேசி முடிவு செய்த பிறகு வாங்குங்கள்.