எங்கள் ஏலமும் அவர்கள் ஏலமும்

தேவாரத்தில் 'ஏலம்' என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று மேலே மலையில் விளைவது. இன்னொன்று அந்தக் காய்க்கு போடிநாயக்கனூரில் நடப்பது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் எத்தனை கிலோ சரக்கு வந்தது, அதிகபட்சம் என்ன, சராசரி என்ன என்பதெல்லாம் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அப்படி இருந்தும் விவசாயிகளுக்கு அதன்மேல் முழு நம்பிக்கை கிடையாது. "வெலய டீக்கடையிலயே பேசி முடிச்சிட்டுத்தான்ப்பா உள்ள வர்றாய்ங்க" என்ற முணுமுணுப்பைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். அது எந்த அளவுக்கு உண்மையோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சந்தேகத்தில் ஒரு அறிவு இருக்கிறது. கூட்டம் நடக்கும் இடத்தைவிட, கூட்டத்துக்கு முன்னும் பின்னும் யார் யாரோடு உட்கார்ந்தார்கள் என்று பார்க்கும் அறிவு.

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்த என் அக்கா மகன் இதையே வேறு மாதிரி சொன்னான். எண்ணெய்க் கம்பெனிகளுக்கு வால்வு விற்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறான். சங்கத்து மாநாடு, உறுப்பினர் சந்திப்பு, நெட்வொர்க்கிங் டின்னர் என்று வருஷத்துக்கு நாலு ஊர் போகிறான். "மாமா, மேடையில பேசுறத எவனும் காதுல வாங்குறதில்ல. ராத்திரி சாப்பாட்டுலதான் காரியம் முடியும்" என்றான். பெருமையாகத்தான் சொன்னான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவன் சொன்ன வாக்கியத்தின் மேல் ஒரு வழக்கு இருக்கிறது.

இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. 1928-இல் ஸ்காட்லாந்தின் அக்னகாரி கோட்டையில் மூன்று பெரிய எண்ணெய் முதலாளிகள் கூடினார்கள்: ஷெல்லின் டிட்டர்டிங், நியூஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயிலின் டீகிள், ஆங்கிலோ-பெர்சியனின் காட்மன். காட்டுக்கோழி வேட்டைக்கு வந்ததாகத்தான் வெளியே பேச்சு. உள்ளே நடந்தது சந்தையைப் பங்கு போடும் வேலை. அமெரிக்காவுக்கு வெளியே அவரவர் பங்கு அன்றைக்கு இருந்தபடியே நீடிக்க வேண்டும், யாரும் யாரையும் விலையில் வெட்டக் கூடாது என்று ஒப்பந்தம். அமெரிக்க வணிக ஆணையத்தின் அறிக்கை 1952-இல் வெளிவந்தபோதுதான் உலகம் அதை விவரமாகப் படித்தது. நடுவில் 24 வருஷம். அதுவரை அது வெறும் வேட்டை விருந்துதான்.

இன்று கோட்டை தேவையில்லை, மாநாட்டு அரங்கு போதும். இந்தியா எனர்ஜி வீக் 2023-இல் பெங்களூரில், 2024-இல் கோவாவில், 2025-இல் டில்லியில் நடந்தது. பெட்ரோலிய அமைச்சகத்தின் ஆதரவு, நடத்துவதில் இந்திய பெட்ரோலியத் தொழில் கூட்டமைப்பு. அந்தக் கூட்டமைப்பில் தனியார் மட்டுமில்லை. ஓ.என்.ஜி.சி.யும் இந்தியன் ஆயிலும் உறுப்பினர்கள். அதாவது உங்கள் பணமும் என் பணமும் அங்கே சந்தா கட்டுகிறது. சந்தா கட்டியவனுக்கு அங்கே நாற்காலி உண்டா?

"ஒரே தொழில் பாக்குறவங்க சந்திச்சுப் பேசுறதுல என்ன தப்பு?" என்று கேட்பார்கள். ஒரு தப்பும் இல்லை. நாங்களும் கல்யாணத்தில், காதுகுத்தில், கிடாவெட்டில் பார்த்துப் பேசித்தான் நிலம் வாங்குகிறோம், சரக்கு விற்கிறோம். புது ஆளுக்கு அறிமுகம் வேண்டும், சின்னக் கம்பெனிக்குப் பெரிய கம்பெனியின் கதவு திறக்க வேண்டும். சரி. ஆனால் எங்கள் கிடாவெட்டில் கறிச்சோறு தின்றுவிட்டுப் போகிறவர் அடுத்த வாரம் பக்கத்து மாவட்டத்து வயலில் துளை போட அனுமதி தரும் அதிகாரியாக இருப்பதில்லை. வித்தியாசம் அங்கேதான்.

நெடுவாசலை நினைத்துப் பாருங்கள். 2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவைக் குழு 31 இடங்களுக்கு ஹைட்ரோகார்பன் ஒப்பந்தங்களை ஒப்புக்கொண்டது. அதில் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலும் ஒன்று. முதலீட்டாளர்களைக் கூப்பிட்டு, வரைபடம் காட்டி, ஏலம் விட்டு எல்லாம் முடிந்திருந்தது. ஊர்க்காரர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தது அதற்கப்புறம். வியாபாரிக்கு முதல் வரிசை, விவசாயிக்குக் கடைசிச் செய்தி.

அந்தக் கடைசி இடத்தையும் பிறகு பிடுங்கினார்கள். 2020 ஜனவரி 16 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு இனி மக்கள் கருத்துக்கேட்பு வேண்டாம் என்றது. அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி பிரதமருக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார். அடுத்த மாதமே காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் சட்டசபையில் நிறைவேறியது. டெல்டா தப்பித்தது என்று வைத்துக்கொள்வோம். டெல்டா இல்லாத ஊர்கள்? கலெக்டர் முன்னால் மைக் பிடித்து, பேர் சொல்லி, பதிவேட்டில் ஏறும்படி பேசும் கூட்டம் 'தாமதம்' ஆகிவிட்டது. பதிவே இல்லாத ராத்திரி சாப்பாடு 'தொழில் வளர்ச்சி' ஆகிவிட்டது.

இந்த வட்டத்துக்குள் சின்ன ஆளுக்கும் இடமில்லை. பெட்ரோல் பங்க் வைத்திருப்பவரும் இதே தொழில்தானே? அவர்களுடைய கமிஷன் 2017-க்குப் பிறகு ஏறவில்லை என்று 2022 மே 31 அன்று பல மாநிலங்களில் பங்க்காரர்கள் ஒருநாள் சரக்கு எடுக்காமல் நின்றார்கள். கமிஷன் ஏறியது 2024 அக்டோபர் கடைசியில். அறிமுகம் எல்லாருக்கும் சமமாகப் பலிக்கும் என்றால் அவர்களுக்கு எதற்கு வேலைநிறுத்தம்?

தேவாரத்துக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எங்கள் ஊரை ஒட்டிய பொட்டிப்புரத்தில்தான் நியூட்ரினோ ஆய்வகத்துக்காக மலையைக் குடைய நினைத்தார்கள். அது எண்ணெய் இல்லை, அறிவியல். இருந்தும் பலருடைய கோபம் ஒன்றுதான்: எங்க மலை, எங்ககிட்ட முதல்ல கேக்கணும்ல? எங்களுக்கும் கோரிக்கைகள் இருக்கின்றன. சாக்குலூத்து மெட்டுக்கு ரோடு கேட்டு எத்தனை வருஷமாக மனு எழுதுகிறோம். தோட்ட வேலைக்குப் போகிற சனம் விடிகாலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டையும் கம்பம்மெட்டையும் சுற்றித்தான் இன்னும் கேரளத்துக்குப் போகிறது. எங்களுக்குத் தெரிந்த நெட்வொர்க்கிங் மனுநீதி நாள்தான். அங்கே டோக்கன் உண்டு, ரசீது உண்டு. டின்னர் கிடையாது.

ஆகவே கூட்டத்தைத் தடை செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. நாலு காரியம் கேட்கிறேன். அமைச்சரோ அதிகாரியோ பொதுத்துறை நிறுவனத்து ஆளோ இப்படிப்பட்ட கூட்டங்களில் யாரைத் தனியாகச் சந்தித்தார், எதைப் பற்றிப் பேசினார் என்பதை மாதாமாதம் வெளியிடுங்கள். பொதுத்துறை நிறுவனங்கள் இந்தச் சங்கங்களுக்குக் கட்டும் சந்தாவையும் விருந்துச் செலவையும் தனிக் கணக்காகக் காட்டுங்கள். 2020-இல் எடுத்த கருத்துக்கேட்பைத் திருப்பிக் கொடுங்கள். எந்த இடத்தையும் ஏலத்துக்குக் கொண்டுபோகும் முன்பே அந்த ஊர்க் கிராமசபையில் வரைபடத்தைக் காட்டுங்கள்.

அக்கா மகன் ஊருக்குக் கிளம்பும்போது இதை அவனிடம் சொன்னேன். "அப்படி எழுதி வைக்கணும்னா பாதிப்பேரு சாப்பிட வர மாட்டாங்க மாமா" என்றான். அந்தப் பாதிப்பேர் யார் என்றுதான் நான் கேட்கிறேன்.