மூட்டை மேல நம்ம பேரு, உள்ளே மண்டிச் சரக்கா?

விவசாயி நேரடியா விற்கணும்னு இப்போ எல்லாரும் சொல்றாங்க. நல்ல விஷயம்தான். நம்ம தர்மபுரி மாவட்டத்துலயும் கேழ்வரகு, சாமை, புளி வெச்சிருக்கிறவங்க வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சு பெங்களூருக்கும் சென்னைக்கும் பார்சல் அனுப்புறாங்க. இதுக்குப் பயிற்சி கொடுக்கவும் ஆள் வந்தாச்சு. தினமும் காலை வணக்கம் போடுங்க, பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புங்க, தீபாவளிக்குத் தள்ளுபடி கொடுங்க, வாடிக்கையாளர் உறவு தானா வளரும்னு பாடம் எடுக்கிறாங்க.

எனக்கு இதுல உடன்பாடு இல்லைங்க. மூட்டைக்குள்ள என்ன இருக்குதுன்னு உண்மையைச் சொன்னாத்தான் வாடிக்கை நிக்கும். வணக்கம் அதுக்கப்புறம் போட்டுக்கலாம்.

வியாபாரம் வளரும்போதுதான் கெடுதல் உள்ளே வருது. ரெண்டு ஏக்கர் மானாவாரியில சாமை போட்டவருக்கு, மழை கைகொடுத்தா எட்டு மூட்டை, பத்து மூட்டை தேறும். உமி நீக்கி அரிசியாக்கினா அதுலயும் நல்லாவே குறையும். ஆர்டர் இருபது மூட்டைக்கு வருது. உடனே மண்டிக்குப் போயி வாங்கி, "எங்கள் காட்டில் விளைந்தது"ன்னு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புறாங்க. கேட்டா, "மண்டியில இருக்கிறதும் ஒரு விவசாயி விளைவிச்சதுதானே"ன்னு பதில்.

சரி, அப்போ அதையே ஸ்டிக்கர்ல எழுத வேண்டியதுதானே? ஏன் எழுதலை? எழுதினா கூடுதல் விலை கிடைக்காது. யாரு காடு, என்ன உரம்னு தெரிஞ்சு வாங்கத்தான் அந்தம்மா கடை விலைக்கு மேல காசு கொடுக்கிறாங்க.

உழவர் சந்தையை நினைச்சுப் பாருங்க. 1999 நவம்பர் 14-ந் தேதி மதுரை அண்ணா நகர்ல முதல் சந்தை திறந்தாங்க. அப்புறம் தர்மபுரிக்கும் வந்துச்சு. விளைவிக்கிறவனுக்கு மட்டும் அடையாள அட்டை, கடைக்கு வாடகை கிடையாது, தராசு அவங்களே கொடுப்பாங்க, அன்னன்னைக்கு விலையைப் பலகையில எழுதுவாங்க. அந்தச் சந்தைக்குள்ள விவசாயி பேர்ல வியாபாரி நுழைஞ்சா நாம எவ்வளவு கத்துறோம்! ஆனா அதே வேலையை போன்ல நாமளே செஞ்சா அதுக்குப் பேரு வளர்ச்சியா?

சட்டத்தையும் பாருங்க. இயற்கை விளைபொருள்னு சொல்லி விற்க சான்றிதழ் வேணும்னு 2017-ல மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்தது. ஆனா வருஷ விற்பனை 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சின்ன விவசாயி, தான் விளைவிச்சதை சாப்பிடுறவங்களுக்கே நேரா வித்தா அந்தச் சான்றிதழ் தேவையில்லை. அதாவது, சின்ன அளவுல விற்கிற வரைக்கும் நம்ம வாய்வார்த்தைதான் சான்றிதழ். அதை மண்டிச் சரக்குக்குப் போட்டு வீணாக்கினா, நாளைக்கு உண்மையாவே இயற்கை முறையில பயிர் வைக்கிற பக்கத்துக் காட்டுக்காரர் பேச்சையும் யாரும் நம்ப மாட்டாங்க. ஒருத்தர் செய்யுற தப்புக்கு ஊர் முழுக்க விலை கொடுக்கணும்.

"அப்போ வளரவே கூடாதா?"ன்னு கேட்பீங்க. தாராளமா வளரலாம். நம்ம அரூர் பக்கத்து சிட்லிங்கியில இயற்கை விவசாயிகள் சங்கமாச் சேர்ந்து, சிறுதானியத்தை ஒண்ணாச் சேர்த்து விற்கிறாங்க. யார் யார் விளைவிச்சதுன்னு அவங்களுக்குத் தெரியும். பத்துப் பேரைச் சேர்த்துக்கிட்டு, பத்துப் பேர் பேரையும் வெளிப்படையாச் சொல்லி வித்தா அதுதான் வளர்ச்சி.

நான் விற்கிற முறை இதுதான். சாமை தீர்ந்தா "தீர்ந்துடுச்சுங்க, அடுத்த அறுப்புக்குத்தான்"னு சொல்லிடுவேன். புளி மாசி, பங்குனியில வர்றது. ஐப்பசியில கேட்டா போன சீசன் புளி, கறுத்துத்தான் இருக்கும்னு போட்டோவோட சொல்லுவேன். கம்பு மாவு நாள்பட்டா கசக்கும், அதனால ஒரு கிலோவுக்கு மேல வாங்காதீங்கன்னு நானே தடுப்பேன். எடை குறைஞ்சா அடுத்த பார்சல்ல சேர்த்து அனுப்புவேன், கணக்குக் கேட்க மாட்டேன்.

"இல்லைங்க"ன்னு சொன்னதால எனக்கு ஆர்டர் சிலது போயிருக்குது. சொன்னதைக் கேட்டுக் காத்திருந்து அடுத்த அறுப்புக்கு வாங்கினவங்கதான் இன்னைக்கும் வாங்குறாங்க. பயிற்சி கொடுக்க வர்றவங்க முதல் பாடமா இந்த "இல்லைங்க"வைச் சொல்லிக் கொடுக்கட்டும்.