புட்டியின் சாயம் வெளுக்குமா?

கடைத்தெருவில் ஒரு சென்ட் புட்டி. அடியில் கருநீலம். மேலே போகப் போக நீலம் வெளுக்கிறது. கழுத்தருகே வந்ததும் வெறும் கண்ணாடி! நீலம் எங்கே முடிந்தது, கண்ணாடி எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

பக்கத்தில் இன்னொரு புட்டி. அதன் அடி ரோஜா நிறம். தோள் பொன்னிறம். நடுவில் இரண்டும் கலந்து, மாலை வானம்போல் இருக்கிறது.

அலங்காரப் புட்டிகளில் இப்போது இந்த வண்ணத்துக்குத்தான் மோகம். சென்ட், முகத்துக்குப் பூசும் களிம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பரிசு கொடுக்கும் தேன் என்று பலவும் இந்த உடை உடுத்தி வருகின்றன. சரக்கு தீர்ந்த பிறகும் புட்டியை வீசி எறிய மனம் வருவதில்லை. கழுவி, சமையல் அறைக்குக் கொண்டு போய்விடுகிறார்கள்.

அங்கேதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

திருப்பிப் பார்!

கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடி, கைத்தறிக்குப் பேர்போன ஊர். நிறம் மாறும் அழகு அங்குள்ள தறிக்காரர்களுக்குப் புதிது அல்ல. மயில் கழுத்து நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாவில் ஒரு நிறம் ஓடுகிறது. ஊடையில் வேறு நிறம் ஓடுகிறது. துணியை அசைத்தால் நீலம் பச்சையாகிறது, பச்சை நீலமாகிறது. பார்க்கிறவர்கள் மயங்குகிறார்கள்.

ஆனால் நெசவு தெரிந்தவர் மயங்கமாட்டார். துணியைக் கையில் எடுத்ததும் என்ன செய்வார்? திருப்பிப் பார்ப்பார்!

நூலிலேயே சாயம் ஏற்றி நெய்த துணி என்றால், முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நிறமாக இருக்கும். மேலே அச்சடித்த துணி என்றால், பின்பக்கம் வெளிறிக் கிடக்கும். ஒன்றில் நிறம் துணியோடு பிறந்தது. மற்றொன்றில் நிறம் துணியின் மேல் ஏறி உட்கார்ந்தது. விலை பேசுவதற்கு முன்பே அவருக்கு இது தெரிந்துவிடும்.

புட்டிக்கும் இதே சோதனைதான். நிறம் கண்ணாடிக்குள் இருக்கிறதா, கண்ணாடியின் மேல் இருக்கிறதா? வாங்குகிற ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். விற்கிறவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

2,000 ஆண்டு நிறம்!

நிறம் கண்ணாடிக்குள் இருந்தால் எவ்வளவு காலம் நிற்கும்? இதற்குப் பதில் தேடி வெளிநாடு போக வேண்டாம். குறிஞ்சிப்பாடியில் பஸ் ஏறிக் கடலூர் போய், அங்கிருந்து புதுச்சேரிச் சாலையில் போனால் போதும். வழியில் அரியாங்குப்பம் வரும். அதன் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு.

1945-ம் ஆண்டில் வீலர் என்ற ஆங்கிலேய அறிஞர் அங்கே மண்ணைத் தோண்டினார். ரோமாபுரி நாட்டோடு வாணிபம் நடந்ததற்குச் சான்றுகள் கிடைத்தன. அந்த மண்ணில் கண்ணாடிப் பாசிமணிகளும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. கடுகு அளவு, மிளகு அளவு மணிகள். செங்கல் சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு என்று பல நிறம். இந்த வகை மணிகள் கடல் கடந்து தென்கிழக்கு ஆசிய நாடுகள் வரை போயின.

சுமார் 2,000 ஆண்டுகள் மண்ணில் புதைந்திருந்தும், கழுவி எடுத்தால் நிறம் அப்படியே இருக்கிறது! காரணம், அந்த நிறம் மேலே பூசியது அல்ல. கண்ணாடி குழம்பாகக் கொதித்தபோதே அதில் தாமிரம் போன்ற உலோகங்கள் கலந்தன. மணியை உடைத்தாலும் உள்ளே அதே நிறம்தான்.

இன்றைய கண்ணாடித் தொழிற்சாலையிலும் முறை அதுதான். மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல் மூன்றையும் சுமார் 1,500 டிகிரி வெப்பத்தில் உருக்குகிறார்கள். சிறிதளவு கோபால்ட் சேர்த்தால் நீலம். குரோமியம் சேர்த்தால் பச்சை. இரும்பும் கந்தகமும் கரியும் சேர்த்தால் பழுப்பு. பழைய கோலி சோடா புட்டி இலேசான பச்சையாக இருக்குமே, அதற்கு யாரும் சாயம் போடவில்லை! மணலில் கிடந்த இரும்பு செய்த வேலை அது.

பழுப்புப் புட்டிக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. வெளிச்சம் பட்டால் சில மருந்துகள் கெட்டுப்போகும். கெடுக்கும் கதிர்களைப் பழுப்புக் கண்ணாடி தடுத்து நிறுத்துகிறது. டானிக் புட்டிக்கு அந்த நிறம் நகை அல்ல, குடை.

சரி, மெல்ல மெல்ல மாறும் நிறத்தைக் கண்ணாடிக்குள்ளேயே கொண்டுவர முடியாதா? முடியும்! அமெரிக்காவில் ஜோசப் லாக் என்பவர் 1883-ம் ஆண்டில் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். தேன் நிறக் கண்ணாடிக் குழம்பில் கொஞ்சம் தங்கம் கலந்தார். பாத்திரம் செய்த பிறகு, அதன் ஒரு பகுதியை மட்டும் மறுபடி நெருப்பில் காட்டினார். சூடுபட்ட இடம் மாணிக்கச் சிவப்பாக மாறியது. சூடுபடாத இடம் தேன் நிறமாகவே நின்றது. நடுவில் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேனில் கரைந்தது. ‘ஆம்பரினா’ என்று அதற்குப் பெயர். பணக்காரர் வீட்டு அலமாரிக்குப் பொருத்தமான சரக்கு. தங்கத்தைப் போட்டுத் தலைக்கு எண்ணெய்ப் புட்டி செய்தால் யார் வாங்குவார்கள்?

ஸ்பிரே செய்யும் ஜாலம்

ஆகவே இன்றைய புட்டிக்கு வேறு வழி. அது வெறும் வெள்ளைக் கண்ணாடியாகத்தான் பிறக்கிறது.

முதலில் புட்டியைத் தூசி இல்லாமல் துடைக்கிறார்கள். பிறகு ஓடும் சங்கிலியில் தலைகீழாகவோ நிமிர்த்தியோ மாட்டுகிறார்கள். ஒவ்வொரு புட்டியும் பம்பரம்போல் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு நகரும். எதிரே ஸ்பிரே துப்பாக்கிகள் நிற்கும். அடிப்பகுதியைக் குறிவைத்த துப்பாக்கி, வண்ணத்தைப் பனிபோல் பீய்ச்சும். அடியில் கனமாகப் படியும். மேலே போகப் போகத் துளிகள் குறையும். கழுத்தில் ஒன்றும் இருக்காது. இரண்டு நிறம் வேண்டும் என்றால், இன்னொரு துப்பாக்கி மேலிருந்து அடிக்கும். இரண்டின் பனியும் சந்திக்கும் இடத்தில்தான் அந்த மாலை வானம்!

பிறகு 150 முதல் 200 டிகிரி வரை சூடான அறைக்குள் புட்டிகள் போகும். பூச்சு இறுகிவிடும். கண்ணாடி உருக 1,500 டிகிரி. இந்தப் பூச்சு இறுக 200 டிகிரி! இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. நிறம் கண்ணாடியோடு கலக்கவில்லை. தோல்போல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதனால் நன்மையே இல்லை என்று சொன்னால் அது நியாயம் ஆகாது. கண்ணாடி உலை இரவு பகல் அணையாமல் எரியும். அதில் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாற நாட்கள் ஆகும். இடையில் வருவதெல்லாம் இரண்டும்கெட்டான் நிறம். கொஞ்சம் புட்டிகள் மட்டுமே வேண்டும் என்கிற சிறு வியாபாரிக்காக அந்த உலை நிற்குமா? ஸ்பிரே முறையில் அவரும் வெள்ளைப் புட்டியை வாங்கித் தமக்குப் பிடித்த நிறம் ஏற்றலாம். பெரிய கம்பெனிச் சரக்குக்குப் பக்கத்தில் அவருடைய சரக்கும் கண்ணில் படும். சென்ட் புட்டிக்கும் நகப்பூச்சுப் புட்டிக்கும் இந்த அலங்காரம் இருந்துவிட்டுப் போகட்டும்.

சாயத்துக்கு வந்த சோதனை

ஆனால் பூச்சில் என்ன இருக்கிறது?

துணிக்கு இந்தக் கேள்வி ஏற்கெனவே வந்தது. 1990-களில் ஜெர்மனி சில வகை ‘அசோ’ சாயங்களைத் தடை செய்தது. அவை சிதைந்தால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் வெளிப்படும் என்பது காரணம். தமிழ்நாட்டில் துணி ஏற்றுமதி செய்தவர்கள் திகைத்தார்கள். பிறகு சாயத்தை மாற்றினார்கள். இந்தியாவிலும் அந்தச் சாயங்களுக்குத் தடை வந்தது. அதனால் துணித் தொழில் அழிந்துபோய்விடவில்லை. உடம்பில் உடுத்தும் துணியின் சாயத்தைப் பற்றிக் கேட்கலாம் என்றால், வாயில் வைக்கும் புட்டியின் சாயத்தைப் பற்றியும் கேட்கலாம் அல்லவா?

இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்தார் கேட்டார்கள். வண்ணப் படம் போட்ட கண்ணாடித் தம்ளர்களைச் சோதித்து 2017-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். பலவற்றின் வண்ணத்தில் ஈயமும் காட்மியமும் இருந்தன. சிலவற்றில் உதடு படும் விளிம்பருகிலேயே இருந்தன! 2019-ல் மதுப் புட்டிகளின் வண்ண எழுத்துகளைச் சோதித்தபோதும் சிலவற்றில் இதே கதை.

இதைப் படித்துவிட்டு எல்லாப் புட்டியும் விஷம் என்று பயப்பட வேண்டாம். அந்த ஆய்வில் அகப்பட்டது, கண்ணாடித் தூளில் வண்ணம் குழைத்துச் சுடும் ‘எனாமல்’ வகை. ஸ்பிரே பூச்சு வேறு வகை. பெரும்பாலும் பிசின் கலந்த பெயிண்ட். நல்ல தொழிற்சாலைகள் ஈயம் இல்லாத வண்ணமே வாங்குகின்றன. ஆனால் கடையில் நிற்கும் தாய்க்கு எது நல்ல வண்ணம் என்று எப்படித் தெரியும்? புட்டியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவே அதற்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் பூசும் பெயிண்டில், பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று இந்திய அரசு 2016-ல் விதி செய்தது. 2017 நவம்பர் முதல் தேதியிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. சுவருக்குக் காட்டிய அக்கறையைப் புட்டிக்கும் காட்டுவதில் என்ன கஷ்டம்?

செய்ய வேண்டியது சிறிய காரியம். “இது பூச்சு வண்ணம். காலிப் புட்டியில் உணவு வைக்காதீர்கள்” என்று ஒரு வரி, தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிட்டுவிட வேண்டும். புட்டிக்கு இரண்டு நிறம் பூச முடிகிறவர்களுக்கு ஒரு வரி எழுத முடியாதா?

அடி கனம், சரக்கு கொஞ்சம்!

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. அலங்காரப் புட்டிகள் பலவற்றில் அடிக் கண்ணாடி வெகு கனமாக இருக்கும். வெள்ளைப் புட்டி என்றால் அந்தக் கனம் வெளியே தெரியும். அடியில் கறுத்த நிறம் பூசிவிட்டால்? எங்கே கண்ணாடி முடிந்தது, எங்கே சரக்கு தொடங்கியது என்பது மறைந்துவிடும். கையில் தூக்கினால் ‘கனமாக இருக்கிறதே’ என்று சந்தோஷம். அந்தக் கனத்தில் பாதி கண்ணாடி!

வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று எல்லோர் மேலும் பழி போட முடியாது. ஆனால் வாங்குகிறவர்கள் ஏமாறாமல் இருக்க வழி இருக்கிறது. உள்ளே எத்தனை மில்லி லிட்டர், உச்ச விலை எவ்வளவு என்பதைப் பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டும் என்பது சட்டம். புட்டியின் உயரத்தைப் பார்க்காதீர்கள். அந்த எண்ணைப் படியுங்கள். எழுதப் படிக்க இப்போதுதான் கற்றுக்கொண்ட பாட்டிகூட எண்ணைப் படித்துவிடுவார். படிக்கத் தெரிந்தவர்கள்தான் நிறத்தைப் பார்த்துவிட்டு எண்ணைப் பார்க்க மறக்கிறார்கள்!

வீட்டிலேயே சோதனை

நிறம் உள்ளே இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம்.

காலிப் புட்டியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். வாய் ஓரத்தையும் மரை போட்ட இடத்தையும் பாருங்கள். அங்கே நிறமே இல்லாமல், உடம்பில் மட்டும் நிறம் இருந்தால் அது பூச்சு. கண்ணாடியோடு பிறந்த நிறம் வாய் முதல் அடி வரை இருக்கும்; கண்ணாடி கனத்த இடத்தில் இன்னும் அடர்ந்து தெரியும். சந்தேகம் தீரவில்லையா? நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு அடியில் தேயுங்கள். சரியாக இறுகாத பூச்சு பஞ்சில் ஒட்டிக்கொண்டு வரும். சாயம் வெளுத்துவிட்டது என்று அர்த்தம்!

பூச்சுப் புட்டி என்று தெரிந்தால் அதில் குடிதண்ணீர் வேண்டாம். ஊறுகாய், நெய் எதுவும் வேண்டாம். சரக்கு உள்ளே, வண்ணம் வெளியேதானே என்று கேட்கலாம். புட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவினால் பூச்சு உரியும். உரிந்த செதில் கைக்கு வரும்; கையிலிருந்து சோற்றுக்கு வரும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில், எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் வயது என்பதால், இன்னும் அதிக ஜாக்கிரதை தேவை.

அழகான புட்டியை எறிய மனம் இல்லாவிட்டால் ஒரு கொடியை வெட்டித் தண்ணீரில் வைத்துச் சன்னலோரம் நிறுத்தலாம். குழந்தைக்குக் கைக்கு எட்டாத உயரமாக இருக்கட்டும். ஊறுகாய்க்குப் பழைய பீங்கான் ஜாடி இருக்கவே இருக்கிறது.