மாத்திரைக்குத் துணை தண்ணீரே!

"தும்மல் மாத்திரையைத் தண்ணீரோடு முழுங்க மாட்டேன், ஆரஞ்சு ஜூஸ்தான் வேணும்னு என் பெண் அடம் பிடிக்கிறாள். பழரசம் உடம்புக்கு நல்லதுதானே, கொடுக்கலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பழரசம் நல்லதுதான், சகோதரிகளே. ஆனால் எல்லா மாத்திரைக்கும் அது நல்ல துணை அல்ல. ஏன்னு சொல்றேன், கேளுங்க.

முழுங்கின மாத்திரை குடலில் கரைந்ததும் தானாகவே ரத்தத்தில் கலந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். சில மருந்துகள் அப்படித்தான். வேறு சில மருந்துகளுக்கோ ஆள் துணை வேண்டும்! குடல் சுவரின் செல்களில், வாசல் காவலர் மாதிரி சில புரதங்கள் நிற்கின்றன. அவை கைபிடித்து அழைத்துப் போனால்தான் மருந்து உள்ளே நன்றாகப் போகும். இவற்றில் ஒரு வகைக்கு ஓ.ஏ.டி.பி. என்று பெயர். தும்மல், மூக்கொழுகல், அரிப்புக்கு டாக்டர்கள் எழுதித் தருகிற ஃபெக்ஸோஃபெனடின் இந்தக் காவலரை நம்பியிருக்கும் மருந்து.

இதை எப்படிச் சோதிக்கிறார்கள் தெரியுமா? சோதனைச்சாலையில் மனித செல்களைத் தட்டில் வளர்த்து, அவற்றில் இந்தப் புரதம் உண்டாகும்படி செய்கிறார்கள். மருந்தை ஊற்றி, செல்லுக்குள் எவ்வளவு போச்சு என்று அளக்கிறார்கள். இன்னொரு தட்டில் மருந்தோடு வேறொரு பொருளையும் சேர்த்து அளக்கிறார்கள். அளவு குறைந்தால், அந்தப் பொருள் வாசலை மறிக்கிறது என்று அர்த்தம்.

கனடாவின் டேவிட் பெய்லி குழுவினர் 2002-ல் வெளியிட்ட ஆராய்ச்சியைப் பாருங்கள். ஆரஞ்சு, ஆப்பிள், பம்பளிமாஸுக்கு உறவான கிரேப்ஃப்ரூட் ஆகிய மூன்றின் ரசமும், 5 சதவீதமாக நீர்த்த நிலையில்கூட வாசலை மறித்தன. பிறகு ஆரோக்கியமான ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தண்ணீரோடு சாப்பிட்டபோது ரத்தத்தில் சேர்ந்த மருந்தில், பழரசத்தோடு சேர்ந்தது 30 முதல் 40 சதவீதம்தான்! அவர்கள் சில மணி நேரத்தில் குடித்தது 1.2 லிட்டர். நம் வீட்டு ஒரு டம்ளர் அவ்வளவு கெடுக்காமல் இருக்கலாம். ஆனாலும் காசு கொடுத்து வாங்கின மருந்தை ஏன் வீணாக்கணும்? அமெரிக்காவில் இந்த மருந்தின் அட்டையிலேயே 'பழரசத்தோடு சாப்பிடாதீர்கள்' என்று அச்சிடுகிறார்கள்.

இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மருந்து சரியாக உள்ளே போகாதபோது, "கேட்கலையே" என்று நாமாகவே இன்னொரு மாத்திரையைப் போட்டுக்கொள்கிறோம். அது வேண்டாம்.

கிரேப்ஃப்ரூட் ரசம் சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை நேர்மாறாக, ரத்தத்தில் அளவுக்கு மீறி ஏற்றிவிடும். அதற்குக் காரணம் வேறு.

ஆகவே, மாத்திரை என்றால் ஒரு டம்ளர் தண்ணீர். பழரசத்தை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழுங்கச் சிரமப்படும் குழந்தைக்குத் திரவ மருந்து உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். புது மருந்து வாங்கும்போதெல்லாம், "எதோடு சாப்பிடக் கூடாது?" என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.