துக்கத்துக்கும் இடம் கொடுப்போம்

2021-ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றில் தாய் தந்தை இருவரையும் பறிகொடுத்த குழந்தைகளின் பெயரில் 5 லட்ச ரூபாய் வைப்புத்தொகை இட்டு, அவர்களை வளர்க்கும் உறவினருக்கு மாதம் 3,000 ரூபாயும் வழங்கத் தமிழக அரசு முன்வந்தது போற்றத்தக்க காரியம். ஆனால், வயிற்றுக்கும் படிப்புக்கும் வழி செய்துவிட்டால் கடமை முடிந்தது என்று அரசும் குடும்பமும் கருதுமானால், அக்குழந்தைகளின் உள்ளத்தில் ஆறாமல் கிடக்கும் துக்கத்துக்கு ஆதரவு யார்?

பெற்றோரை இழந்த பிள்ளையைப் பாட்டியோ அத்தையோ தாய்மாமனோ கைப்பிடித்து அழைத்துச் செல்வது, சட்டங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே நம்மிடையே நிலைத்துவிட்ட தர்மம். விடுதியைவிட உறவினர் வீடே உத்தமம் என்பதில் எமக்குச் சந்தேகமில்லை. எனினும் அந்த வீடும் துக்க வீடே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மகளை இழந்த பாட்டி, பேரன் கண்டால் கலங்குவானே என்று அடுப்படியில் நின்று கண்களைத் துடைத்துக்கொள்கிறாள். அவனோ, அம்மாவின் பேச்சை எடுத்தால் பாட்டி அழுவாளே என்று அஞ்சி, பழைய கைப்பேசியில் இருக்கும் தாயின் குரலைப் போர்வைக்குள் காதோடு ஒட்டிவைத்துக் கேட்கிறான். ஒருவரையொருவர் காப்பதாக எண்ணி இருவரும் தனித்துப்போகிறார்கள். “சமர்த்துப் பிள்ளை, வாய் திறந்து ஒன்றும் கேட்கமாட்டான்” என்று அக்கம்பக்கத்தார் மெச்சும் குணம், பல சமயங்களில், கேட்டால் பாரமாகிவிடுவோமோ என்ற பயமே அன்றி வேறல்ல. பள்ளிக்குக் கிளம்பும் வேளையில் வரும் வயிற்றுவலியும், திடீர்க் கோபமும், நின்றுபோயிருந்து மீண்டும் தொடங்கும் படுக்கை நனைத்தலும் அந்தத் துக்கத்தின் பாஷையாக இருக்கக்கூடும். அவற்றுக்குத் தண்டனை தருவது அநீதி.

ஆகவே, “அப்பா வெளியூர் போயிருக்கிறார்” என்று மறைக்காமல், வயதுக்கேற்ற எளிய சொற்களில் உண்மையைச் சொல்ல வேண்டும். திதி நாளில் குழந்தையையும் அருகில் அமர்த்தி, பெற்றோரைப் பற்றி அது கேட்பதற்கெல்லாம் பொறுமையோடு பதில் கூற வேண்டும். “உனக்குச் சோறு போடுவது யார்?” என்ற சொல் எத்தகைய கோபத்திலும் பெரியவர் வாயில் வரலாகாது. தாமும் துக்கத்திலிருந்துகொண்டு முதுமையிலே இப்பாரத்தை ஏற்ற பாட்டிமாருக்கும் ஆறுதல் தேவை. குழந்தையின் நிலையை விசாரிக்க வரும் அதிகாரிகள் வங்கிப் புத்தகத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், குழந்தையோடும் வளர்ப்பவரோடும் தனித்தனியே அமர்ந்து பேசும் மனநல ஆலோசகரை உடன் அழைத்துவர வேண்டும். பெற்றோர் கூட்டத்துக்குச் சித்தப்பாவோ பாட்டியோ வந்தால், ஆசிரியர்கள் காரணம் கேட்டுக் குழந்தையைப் பிறர்முன் கூசவைக்கலாகாது. கொடுமையோ புறக்கணிப்போ நேரும் இடத்தில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைத் தயங்காமல் அழைக்க வேண்டும்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு குழந்தை இருக்கலாம். அதன் எதிரில் “ஐயோ பாவம்” என்று இரங்காதீர்கள். அதன் தாயையோ தந்தையையோ நீங்கள் அறிந்திருந்தால், அவர்களைப் பற்றிய நல்ல செய்தி ஒன்றை அதனிடம் சொல்லுங்கள்.