கார் கொட்டகையும் கொசுவும்

பழைய டயரும், பெயிண்டு டின்னும், கால் முறிந்த நாற்காலியும் என்றைக்காவது உதவும் என்னும் நம்பிக்கையிலேயே வருஷக்கணக்காய்க் குவிந்து, காரை வீதிக்குத் துரத்திவிட்ட கொட்டகைகள் நம் பினாங்கில் ஏராளம். 1902-ஆம் ஆண்டிலேயே மருத்துவர் ஸ்கே டெங்குக் காய்ச்சலைப் பதிவு செய்தது இத்தீவில்தான் என்பதையும், டயரின் உள்வளைவில் தேங்கும் கையளவு மழைநீரில் அக்காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஏறத்தாழ ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும் என்பதையும், நீர் வற்றினாலும் அதன் முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதையும் சிந்தித்தால், இச்சேமிப்பு சிக்கனமன்று, அபாயமே என்பது விளங்கும். 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொசு பெருக இடங்கொடுப்பது குற்றமுமாகும். ஆகவே, விலைபோகக்கூடியதை லோரோங் கூலிட் சந்தைக்கும், இரும்பையும் காகிதத்தையும் பழைய சாமான்காரருக்கும் அனுப்பிவிட்டு, எஞ்சியதை நிர்தாட்சண்யமாக அப்புறப்படுத்துங்கள். போகிக்காகக் காத்திருக்க வேண்டாம்.