எந்தக் கற்றாழைக்குக் கடன்?

கற்றாழை பயிரிடக் கடன் வேண்டுமென்று சங்கத்துக்கு விண்ணப்பம் வருமாயின், எந்தக் கற்றாழை என்று கேட்ட பின்னரே நாம் பேனாவை எடுத்தல் வேண்டும். கூழ் தரும் சோற்றுக்கற்றாழை வேறு. நார் தரும் ஆனைக்கற்றாழை வேறு. பெயரால் உடன்பிறந்தவை போலத் தோன்றினும், தாவர நூலார் கணக்கில் இவை ஒரே குடும்பத்தனவும் அல்ல.

ஆனைக்கற்றாழை, தண்ணீர்விட்டான் குடும்பத்தது. முன்னாளில் லில்லிக் குடும்பம் என்னும் ஒரே கூடையில் கிடந்த பலவற்றை மரபணு ஆராய்ச்சியின் துணையால் பிரித்தெடுத்து, 2009-இல் இக்குடும்பத்தை ஏழு உட்குடும்பங்களாக வகுத்தனர். அவற்றுள் ஒன்று தண்ணீர்விட்டானுடையது. அக்கொடியில் இலையென நாம் காணும் பசிய ஊசிகள் தண்டின் திரிபே. நரிவெங்காயம் மற்றொரு பிரிவு. வில்லுக்கு நாண் தந்த மருள் வேறொன்று. ஆனைக்கற்றாழைப் பிரிவிலேயே நிலச்சம்பங்கியும் இருப்பது பூ விவசாயிகளுக்கு வியப்பாயிருக்கும். இரண்டும் மெக்சிகோவிலிருந்து வந்தவை. எஞ்சிய மூன்றும் நம் வரவு செலவுக்கு வேண்டாதவை.

நார்க்கற்றாழையின் ஆற்றலை நாம் குறைத்து மதிக்கவில்லை. 1893-இல் அன்றைய ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு ஹிண்டார்ப் என்பார் வருவித்த ஆயிரம் கன்றுகளுள் பிழைத்தவை 62 என்பர். தான்சானியாவின் பெருந்தோட்டங்கள் அவற்றின் வழி வந்தவையே. ஆயினும் அவை பெருந்தோட்டங்கள் என்பதை மறத்தலாகாது. நூறு கிலோ இலையில் கிடைக்கும் நார் ஏறக்குறைய நான்கு கிலோ. மிச்சம் நீரும் சக்கையுமே. வெட்டிய இலை காயுமுன் நாரைப் பிரிக்கவும் வேண்டும். தொலைவிலுள்ள ஆலைக்கு இலையை ஏற்றி அனுப்புபவர், சக்கைக்கே வண்டிக்கூலி கொடுத்தவராவார். கையால் சீவலாமே எனின், அதன் சாறு தோலை அரிக்கும், நாட்கூலியும் கட்டாது. ஆதலின் நார் பிரிக்கும் இயந்திரம் வயலுக்கு அருகே வேண்டும். அதனைத் தனியொருவர் வாங்குதல் அரிது, சங்கம் வாங்கலாம்.

நட்டபின் முதல் இலை வெட்ட மூன்று ஆண்டுகளேனும் ஆகும். அதற்குள் இயந்திரத்துக்குப் பங்குத்தொகை திரட்ட ஒப்பும் சங்கங்களுக்கே இக்கடனை நாம் பரிந்துரைப்போம். நெசவாளர்க்கும் ஒரு சொல்: இது முரட்டு நார், பாய்க்கும் பைக்கும் கயிற்றுக்கும் ஆகும், சேலைத் தறிக்கு ஆகாது. விலை பேசுங்கால் அதனை மனத்திற் கொள்க.

சம்பங்கி விண்ணப்பங்களை இவற்றோடு ஒரே கட்டில் வைத்தல் வேண்டா. கிழங்கு நட்ட சில மாதங்களிலேயே பூ சந்தைக்கு வந்துவிடும். அதற்கேற்ற தவணையும் வேறு.